அச்சுக்குப் போகும் முன்

சேலத்திலிருந்து காலையில் ஏற்காட்டுக்குப் புறப்படும் பேருந்து அடிவாரத்தைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும், கைப்பேசியில் இணைப்பு விட்டுவிட்டு வரும். சில வளைவுகளில் முற்றிலும் நின்றுபோகும். 22 ஆண்டுகளாக நான் இந்தப் பாதையில் வேலைக்குப் போய்வருகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எது எந்தப் பக்கம் திரும்பும் என்பது, கண்களை மூடிக்கொண்டிருந்தாலும் என் உடம்புக்குத் தெரியும். முன்பெல்லாம் இணைப்பு போனால் சலிப்பாக இருக்கும். கடந்த நவம்பரிலும் டிசம்பரிலும் மட்டும் அந்த இடைவெளி எப்போது வரும் என்று சன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தேன். பேருந்து ஏற்காட்டு ஏரியை நெருங்கியதும், அதுவரை தடைபட்டிருந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்டன: இன்று புத்தகத்தைப் பற்றி என்ன பதிவிடப் போகிறீர்கள்?

என் முதல் நாவல் ஜனவரியில் வெளிவந்தது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு பெண்ணின் ஓர் அறுவடைக் காலமே அதன் கதை. ஏற்காட்டில் ஒரு தோட்டத்து அலுவலகத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். மாலையில் எடை போடும் இடத்தில் பேரேட்டோடு உட்கார்ந்து, யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று குறிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அந்தப் பேரேட்டில் எண்களாக மட்டும் நிற்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் எழுதி முடிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. நாவல் எழுதுவது கடினம் என்று பலர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்த பிறகு, அது அச்சாவதற்கு முன்னுள்ள வாரங்கள் எப்படிப்பட்டவை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. இப்போது தம் முதல் புத்தகத்தை வெளியிடக் காத்திருக்கும் இரண்டு நண்பர்கள் என்னிடம் கேட்டதால், அந்த வாரங்களில் நடந்ததை ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. பொங்கலையொட்டி நடக்கும் அதை மனத்தில் வைத்தே தமிழ்ப் பதிப்பகங்கள் தம் புதிய நூல்களில் பெரும்பாலானவற்றை டிசம்பர் இறுதியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் கொண்டுவருகின்றன. ஆகவே நவம்பர் பிறந்ததும் முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் அட்டைப்படங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். ஒருவருடைய அட்டைப்படத்தை வாசகர் பார்த்து முடிப்பதற்குள் அதன்மேல் பத்துப் படங்கள் வந்து விழுந்திருக்கும். ஏற்காட்டில் காப்பிப் பழம் சிவப்பதும் அதே நவம்பர் முதல் ஜனவரி வரையிலான காலத்தில்தான். ஆண்டில் எனக்கு வேலை மிகுந்திருக்கும் மூன்று மாதங்களும், என்னைப் போன்ற புது எழுத்தாளர் தம்மைக் கூவி விற்க வேண்டிய மூன்று மாதங்களும் ஒன்றாகவே வந்தன.

என் பதிப்பாளரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவரும் உதவியாளர் ஒருவருமாக நடத்தும் சிறிய பதிப்பகம் அது. விளம்பரத்துக்கென்று ஒதுக்க அவரிடம் பணம் இல்லை. எனவே எழுத்தாளரின் நேரத்தையும் முகத்தையும் நட்புகளையும்தான் அவர் விளம்பரச் செலவாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அக்டோபர் கடைசி வாரத்தில் அவர் எனக்கு ஓர் அட்டவணை அனுப்பினார். முதலில் தலைப்பு அறிவிப்பு. பிறகு பெயர் பெற்ற ஒருவரின் பக்கத்தில் அட்டைப்பட வெளியீடு. அதன் பிறகு முன்பதிவுத் தொடக்கம். வாரத்துக்கு இரண்டு முறை நாவலிலிருந்து சில வரிகள். நாவல் எழுதிய அனுபவம் பற்றி ஒரு காணொளி. நண்பர்கள் புத்தகத்தைப் பற்றிப் பேசும் சிறு காணொளிகள். கடைசிப் பத்து நாட்களுக்கு நாள்தோறும் எண் குறைந்துகொண்டே வரும் சுவரொட்டிப் படம். என் ஒளிப்படம் ஒன்றும் வேண்டும் என்றார். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் மலைமுனையில், கீழே சேலம் நகரம் தெரியும்படி நின்று, கையில் காப்பிக் கோப்பையோடு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அந்தக் கோப்பையில் காப்பி இல்லை.

கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் இந்த வேலைக்கும் ஒரு நோட்டில் கணக்கு வைத்தேன். ஏழு வாரங்களில், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வீதம் 73 மணி நேரம் ஆகியிருந்தது. நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்களை எழுத எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. முதல் அச்சு 300 பிரதிகள், விலை 280 ரூபாய், எனக்குரிய உரிமைத்தொகை பத்து விழுக்காடு. அத்தனையும் விற்றால் எனக்கு வருவது 8,400 ரூபாய். பணத்துக்காக நான் எழுதவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த 73 மணி நேரத்தை எதற்குக் கொடுத்தேன் என்று கேட்டுக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் தறி ஓடுகிறது. இரவு ஒன்பது மணிக்கு அந்த ஓசை அடங்கிய பிறகுதான் நான் எழுத உட்காருவது வழக்கம். ஆறு ஆண்டுகளாக நாவலுக்கு என்று இருந்த அந்த நேரம், அந்த ஏழு வாரங்களும் யார் என் பதிவைப் பகிர்ந்தார்கள், யார் பகிரவில்லை என்று பார்ப்பதில் கழிந்தது. பகிராதவர்கள்மீது எனக்குள் ஒரு சிறிய கசப்பு வளரத் தொடங்கியதுதான் என்னை முதலில் அச்சுறுத்தியது. கல்லூரிக் காலத்திலிருந்து பழகும் ஒரு தோழி நான்கு நாட்களாக என் அட்டைப்படத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை என்று அவள்மீது வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நாட்களும் அவள் தன் மாமியாரோடு மருத்துவமனையில் இருந்திருக்கிறாள்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். நவம்பர் நடுவில், என் அட்டைப்படத்தைத் தம் பக்கத்தில் வெளியிட்டு உதவிய ஓர் எழுத்தாளர், அதே பருவத்தில் வரவிருந்த தம் சிறுகதைத் தொகுப்புக்கு நான்கு வரி எழுதித் தரும்படி கேட்டார். இரண்டே நாள் அவகாசம். அறுவடை மும்முரத்தில் என்னால் முதல் 30 பக்கங்களைத்தான் படிக்க முடிந்தது. அந்த 30 பக்கங்களை வைத்துக்கொண்டு, தொகுப்பு முழுவதும் நேர்மையான வாழ்வனுபவத்தால் நிறைந்திருப்பதாக எழுதிக் கொடுத்தேன். அவர் மகிழ்ந்தார். அந்த வரிகள் என் பெயரோடு பின்னட்டையில் இடம்பெற்றுவிட்டன. பிறகு முழுவதையும் படித்தபோது, அதன் கடைசிக் கதைகள் இரண்டோடு எனக்கு ஆழமான மறுப்பு இருந்தது. அவரிடம் அதைச் சொல்லும் தகுதியை நான் ஏற்கெனவே இழந்திருந்தேன்.

காப்பித் தொழிலில் இப்படி நடக்காது. எங்கள் தோட்டத்துக் கொட்டையை வாங்க வருகிற வியாபாரி, நான் சொல்வதை நம்பி விலை பேசுவதில்லை. மாதிரி எடுத்துச் செல்கிறார், ஈரப்பதம் பார்க்கிறார், வறுத்து, அரைத்து, வெந்நீர் ஊற்றி வாயில் வைத்துப் பார்க்கிறார். பிறகுதான் நன்று என்றோ நன்றில்லை என்றோ ஒரு சொல் வரும். அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருப்பது அதனால்தான். புத்தகம் வெளிவருவதற்கு முந்தைய வாரங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட புகழ்ச்சொற்களில் எத்தனை, புத்தகத்தைச் சுவைத்த பிறகு வந்தவை? என் நாவலைப் பற்றிக் காணொளியில் பேசிய ஐந்து நண்பர்களில் இருவர்தான் கையெழுத்துப்படியை முழுதும் படித்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தக் காணொளிகளைப் பகிர்ந்தேன்.

பள்ளியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அம்மாபேட்டையிலேயே வசிக்கிறார். எண்பதைக் கடந்தவர். பின்னட்டைக்கு இரண்டு வரி தரும்படி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நாவலை அச்செடுத்துக் கொடுத்துவிட்டுப் போ, மூன்று வாரம் ஆகும் என்றார். “ஐயா, எனக்கு வியாழக்கிழமைக்குள் வேண்டும்” என்றேன். “அப்படியானால் என்னைக் கேட்காதே அம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே சென்று நன்னூலை எடுத்து வந்து, பாயிரப் பகுதியைத் திறந்து என் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த நூற்பாக்கள் அவை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கணம், ஒரு நூலுக்கு முன் நிற்க வேண்டிய சிறப்புப் பாயிரம் எதைச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கையோடு வரையறுக்கிறது: இயற்றியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அது யாக்கப்பட்ட முறை, எடுத்துக்கொண்ட பொருள், கேட்பதற்கு உரியவர், கேட்பதால் வரும் பயன் ஆகிய எட்டு. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்கிறது. அந்த எட்டிலும் சரி, பதினொன்றிலும் சரி, நூல் எவ்வளவு மகத்தானது என்று சொல்வதற்கு ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. அன்று மாலை அதைப் படித்தபோதுதான் இது என் கண்ணில் பட்டது. பாயிரம் சொல்லத் தக்கவர் யார் என்பதையும் பவணந்தியார் கூறுகிறார்: ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர். நால்வருமே நூலையோ நூலாசிரியரையோ உள்ளிருந்து அறிந்தவர்கள்.

அடுத்த நூற்பாவை ஐயா தாமே சொன்னார். எவரும் காணாதவற்றைக் கண்டு துறை பலவற்றை முடித்தவனாக இருந்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். அதோடு நிறுத்தாதே, அடுத்ததையும் படி என்றார். புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் இடங்கள் நான்கு அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன: அரசவைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கில் இரண்டாவது என்னைக் காப்பாற்றியது. முதல் நாவல் எழுதியவரை எவருக்கும் தெரியாது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில்தான் அவர் நின்றுகொண்டிருக்கிறார். ஆகவே வாய் திறப்பதற்கு மரபு அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. இதைச் சொன்னபோது ஐயா தலையசைத்தார். “வாய் திற. உன் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று சொல். படிக்காதவனிடம் புகழை வாங்காதே” என்றார்.

கேட்பது இழிவு என்று கருதி ஒதுங்கிக்கொள்ளும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். அந்த ஒதுக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, புத்தகம் உருவாவதற்கு முன்பே அன்பர்களிடம் கையொப்பம் பெற்றுப் பணம் திரட்டித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். இன்றைக்கு முன்பதிவு என்று சொல்வது அதையேதான். பாரதியார் 1920-இல், தம் எழுத்துக்களை 40 நூல்களாக, ஒவ்வொன்றையும் 10,000 பிரதிகள் அச்சிடப் போவதாக அறிவித்து, அதற்குக் கடன் கொடுத்து உதவும்படி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மறு ஆண்டு அவர் மறைந்துவிட்டார். அத்திட்டம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. அந்த அறிக்கையை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. தன் சொல்லின் மதிப்பை அறிந்த ஒரு மனிதர் அதற்காகக் கைநீட்டுவதில் எந்தச் சிறுமையும் இல்லை. இவர்கள் கேட்டது பணமும் வாசகரும். என்னிடம் கேட்கப்பட்டதோ வேறு: என் முகம், என் வீடு, என் நண்பர்களின் படிக்காத பாராட்டு, கடைசியில் எனக்குச் சொந்தமில்லாத இன்னொருவரின் முகம்.

அந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் முன்பதிவு 41-இல் நின்றுவிட்டது. பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்து, நாவலின் நாயகிக்கு முன்மாதிரியான பெண் யாராவது தோட்டத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அவரை வைத்து ஒரு நிமிடக் காணொளி எடுத்து, இது கற்பனை அல்ல, இதோ அந்தப் பெண் என்று போட்டால் நிச்சயம் பரவும் என்றார். மறுநாள் மதியம், சில்வர் ஓக் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அக்காவிடம் சென்று கேட்டேன். சரி என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பறிப்பதுபோல் கையை வைக்கச் சொன்னேன், பழக்கூடையைத் தூக்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன். எல்லாம் செய்தார். எடுத்ததை அவரிடமே காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“புத்தகத்துல என் பேரு இருக்குதா கண்ணு?”

“இல்லைங்க அக்கா. கதையில வேற பேருதான் வெச்சிருக்கேன்.”

“பேரு இல்லாத எடத்துல மூஞ்சி மட்டும் எதுக்கு?”

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. யாரும் அடையாளம் கண்டு அவரைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் நாவலில் பெயரையும் ஊரையும் குடும்பத்தையும் மாற்றியிருந்தேன்; அவ்வளவு கவனமாக மறைத்ததை, 41 என்ற எண்ணைச் சற்று உயர்த்துவதற்காக நானே திறந்துவிட இருந்தேன். அவர் முன்னிலையிலேயே காணொளியை அழித்தேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே, “என்ன எழுதியிருக்கேன்னு எங்களுக்குப் படிச்சாவது காட்டலாமில்ல” என்றார். நாற்பது பேர் வேலைசெய்யும் அந்தத் தோட்டத்தில், ஆறு ஆண்டுகளில், எவருக்கும் நான் ஒரு பக்கத்தைக்கூடப் படித்துக் காட்டியதில்லை.

அன்றிரவு பதிப்பாளரின் அட்டவணையை மூடிவைத்துவிட்டு, நன்னூல் சொன்ன வரிசையில் ஓர் அறிவிப்பு எழுதினேன். எழுதியவர் என்ன வேலை செய்கிறார், கதை எங்கே நடக்கிறது, எந்தப் பொருளைப் பற்றியது, எத்தனை பக்கம், என்ன விலை, யார் படித்தால் அவர்களுக்குப் பயன்படும் என்பதை மட்டும் சொன்னேன். தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் படிக்க விரும்புகிறவர்கள், ஏற்காட்டைச் சுற்றுலா ஊராக மட்டும் அறிந்தவர்கள், காப்பி குடிக்கிறவர்கள் ஆகியோருக்கானது என்று எழுதியபோது, யாரிடம் பேசுகிறேன் என்பது முதன்முறையாக எனக்குத் தெளிவானது. எல்லோருக்கும் சேர்த்து அனுப்பாமல், இவருக்கு இது தேவைப்படும் என்று தோன்றிய 40 பேருக்குத் தனித்தனியாகப் பெயர் சொல்லி அனுப்பினேன். பகிரும்படியோ பாராட்டும்படியோ கேட்கவில்லை. ஒரு வாரத்தில் முன்பதிவு 64 ஆனது. இந்த எண்ணை ஒரு வெற்றியாக நான் சொல்லவில்லை. அந்தக் காணொளியைப் போட்டிருந்தால் இதைவிடக் கூடுதலாகவே வந்திருக்கலாம்.

அக்கா கேட்டது மனத்திலேயே இருந்தது. டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை, வாரக் கூலி கொடுத்து முடித்ததும், எடை போடும் கொட்டகையிலேயே விருப்பமுள்ளவர்கள் இருங்கள், படிக்கிறேன் என்றேன். பத்துப் பன்னிரண்டு பெண்களும் மேஸ்திரியும் இருந்தார்கள். பனி இறங்கத் தொடங்கியிருந்ததால் காதுவரை துண்டைச் சுற்றிக்கொண்டு சாக்குகளின்மேல் உட்கார்ந்தார்கள். முதல் அத்தியாயத்தைப் படித்தேன். முகநூலில் அந்த அத்தியாயத்தின் வரிகளைப் போட்டபோது வந்த விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, எதிரில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படிப்பது மிகவும் கடினமாக இருந்தது. கூலி பிடித்தம் பற்றிய பகுதியில் ஒருவர் பெருமூச்சு விட்டார். மேஸ்திரியைப் பற்றிய பகுதியில் எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். நாயகி செடியை வளைத்துப் பழம் பறித்துக்கொண்டே தன் தாய் கற்றுக்கொடுத்த பாட்டைப் பாடுகிறாள், அந்தப் பாட்டு சரிவு முழுவதும் கேட்கிறது என்ற பத்தி வந்தபோது, பின்னால் இருந்த ஒரு பெண் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“பறிக்கும்போது எங்கம்மா பாடுவோம்? கெளைய வளைச்சா செவ்வெறும்பு மேல கொட்டும். வாயைத் தொறந்தா உள்ள போயிரும்.”

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு பறிப்பதுதான் வழக்கம் என்று ஒருவர் செய்தே காட்டினார். ஒரு சரிவில் நாற்பது பேர் பறித்தாலும் இலை அசையும் ஓசையைத் தவிர ஒன்றும் கேட்காது என்றார்கள். 22 ஆண்டுகளாக அவர்கள் பறித்ததை எடைபோட்ட இடத்திலேயே இருந்த எனக்கு, பறிக்கும் இடத்தில் அவர்களுடைய வாய் மூடியிருக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பாட்டுப் பத்திதான் நாவலின் மிக அழகிய வரிகள் என்று பின்னட்டைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. சுவரொட்டிப் படத்தில் அதிகம் பகிரப்பட்டதும் அதுவே. பாராட்டி எழுதியவர்களில் நான்கு பேர் அந்த வரிகளை எடுத்துக்காட்டியிருந்தார்கள். ஒருவருக்கும் அது பொய் என்று தெரியவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது, தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

கொட்டகையிலிருந்து இறங்கி வந்தபோது, அரங்கேற்றம் என்ற சொல் நினைவுக்கு வந்தது. தொல்காப்பியப் பாயிரம், நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றம் அறத் தெரிவித்து அந்நூல் அரங்கேறியதாகக் கூறுகிறது. ஆசான் தடை எழுப்ப, நூலாசிரியர் விடை சொன்ன பிறகே நூல் வெளியே வந்தது என்பது உரைமரபு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணம் பாடினால், அந்தத் தலத்துக்கே சென்று அவ்வூர் மக்கள் கூடிய அவையில் பல நாட்கள் படித்துப் பொருள் சொல்லி அரங்கேற்றுவார். நூல் உலகத்துக்குப் போவதற்கு முன்னுள்ள காலம் அவர்களுக்குத் தடைகளைக் கேட்கும் காலமாக இருந்தது. எனக்கு அந்தக் காலம் கிடைத்திருந்தது. ஏழு வாரங்கள், 73 மணி நேரம். ஒரு தடையையும் கேட்காமல் அதைச் செலவழித்திருந்தேன். ஐயா கேட்ட மூன்று வாரத்தைக் கொடுக்காமல் திரும்பி வந்ததும் அதே காலத்தில்தான்.

அடிவாரத்தில் இணைப்பு வந்ததும் பதிப்பாளரை அழைத்தேன். அச்சுக்குக் கோப்பு திங்கட்கிழமை போக வேண்டியிருந்தது. நான்கு நாள் தள்ளிவைக்கும்படியும், பின்னட்டை வரிகளை எடுத்துவிடும்படியும் கேட்டேன். அந்த வரிகளைப் பார்த்து முன்பதிவு செய்தவர்கள் இருக்கிறார்களே என்று அவர் நியாயமாகவே கவலைப்பட்டார். அந்த 64 பேருக்கும், பாட்டுப் பத்தி உண்மைக்கு மாறானது என்று தோட்டத்துப் பெண்கள் சொல்லிவிட்டார்கள், புத்தகத்தில் அது இருக்காது, விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதி அவர் மூலமாகவே அனுப்பினேன். இருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள்; கொடுத்துவிட்டார். பின்னட்டையில் நான் எழுதிய அறிவிப்பின் ஆறு வரிகளே இடம்பெற்றன.

திங்கட்கிழமை காலை வழக்கத்தைவிட முன்னதாகவே மேலே போய், அலுவலகத்துக்குச் செல்லாமல் அக்காவோடு சரிவில் இறங்கினேன். பனியில் நனைந்த செடிகள். அவர் காட்டியபடி ஒரு கிளையை வளைத்துப் பிடித்தேன். கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் எறும்புகள் விழுந்தன. உதட்டை இறுக்கிக்கொண்டு, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறித்துப் பையில் போட்டேன். சுற்றிலும் பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மதியம் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் பத்தியைப் புதிதாக எழுதினேன்; மாலையில் எடை போட்டு முடித்ததும் அதை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். பாட்டைப் பற்றிச் சொன்ன பெண் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையுறை போட்டிருந்ததாக எழுதியிருக்கிறாயே, எங்களுக்கு எவன் கையுறை கொடுத்தான் என்றார். அந்தச் சொல்லையும் அடித்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு நடந்தேன்.